ஷவர் டிரெயினை நகர்த்தும் முன் ஆழத்தைப் பாருங்கள்

கேள்வி: அடுக்குமாடியில் இரண்டாவது தளத்தில் இருக்கிறோம். பாத்ரூம் எட்டடிக்கு ஐந்தடி. ஷவரை எதிர்ச்சுவருக்கு மாற்றி கண்ணாடித் தடுப்பு போடப்போகிறோம். தண்ணீர் போகும் ஜாலி பழைய மூலையிலேயே இருக்கிறது, ஐந்தடி தள்ளிக் கொண்டுவர வேண்டும். டைல்ஸை மட்டும் உடைத்து பைப்பை ஓட்டிவிடலாம் என்கிறார் பிளம்பர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். டைல்ஸையும் அதற்கடியில் இருக்கும் கலவையையும் சேர்த்தாலே இரண்டு மூன்று இன்ச்தான் வரும், நீங்கள் போட வேண்டிய 75 மி.மீ. பைப்போ அதுவே மூன்று இன்ச் கனம். அந்தப் பைப்புக்கு அடிக்குக் கால் இன்ச் வாட்டம் (சரிவு) வேண்டும், ஐந்தடிக்கு ஒன்றேகால் இன்ச். புது ஜாலிக்கு அடியில் டிராப்பும் வைப்பதாக இருந்தால் (துர்நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதில் நிற்கும் இரண்டு இன்ச் தண்ணீர்தான்) மொத்தம் ஏழெட்டு இன்ச் ஆழம் தேவைப்படும்.

அந்த ஆழம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பாத்ரூம் தளத்தை எட்டு முதல் பன்னிரண்டு இன்ச் வரை இறக்கிக் கட்டி, மேலே செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால் அது சன்கன் ஸ்லாப், உங்கள் வேலை அதற்குள்ளேயே முடிந்துவிடும். பில்டரின் வரைபடத்தில் பாருங்கள், இல்லையென்றால் கீழ்வீட்டு பாத்ரூம் கூரையைப் பாருங்கள். கூரை வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்து, பைப் எதுவும் வெளியே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் சன்கன்தான். பைப்புகள் கூரைக்கடியில் தொங்கினால் சன்கன் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது ஸ்லாபைத் துளைத்துக் கீழ்வீட்டு வழியாகத்தான் லைன் ஓட வேண்டும். அவர்கள் சம்மதமும் கட்டட இன்ஜினியரின் ஒப்புதலும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். இடமில்லை என்று ஸ்லாபைக் கொத்தி வாய்க்கால் எடுக்கவோ பீமில் ஓட்டை போடவோ எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள்.

சன்கன் ஆழம் குறைவாக இருந்தாலும் ஒரு வழி உண்டு. பழைய ஜாலிக்கு அடியில் இருக்கும் டிராப்பை (நாணி டிராப் என்பார்கள்) அதே இடத்தில் விட்டுவிட்டு, பக்கவாட்டு இன்லெட் உள்ள டிராப்பாக மாற்றி, புது ஜாலியிலிருந்து வரும் பைப்பை அதில் சேருங்கள். புது இடத்தில் தனி டிராப் வேண்டாம், பழையதே இரண்டுக்கும் காவல். கண்ணாடிக்கு வெளியே தரை கழுவும் தண்ணீர் போகவும் அந்தப் பழைய ஜாலி தேவைப்படும். இரண்டு இடத்திலும் டிராப் வைத்து ஒன்றை ஒன்றோடு இணைப்பது மட்டும் கூடாது, நடுவில் காற்று சிக்கி தண்ணீர் மெதுவாக இறங்கும், குளிக்கும்போது கணுக்கால் அளவு தேங்கும். திருப்பம் வந்தால் ஒரே எல்போவில் மடக்காமல் இரண்டு 45 டிகிரி பெண்ட் போடச் சொல்லுங்கள், முடி அடைப்பு குறையும்.

அப்புறம் வாட்டர் ப்ரூஃபிங். பிளம்பர் பேசாமல் விடுவது இதைத்தான், ஆனால் பணமும் நாளும் அதிகம் போவதும் இதில்தான். ஜல்லியை எடுக்கும்போது பழைய பூச்சு நிச்சயம் கிழியும், கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சன்கன் முழுவதையும் காலி செய்து, அடித்தளம், ஓரங்கள், தரைக்கு மேல் ஓரடிச் சுவர், ஷவர் பக்கம் ஆறடிச் சுவர் என்று புதிதாகப் பூச வேண்டும். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பைப்பின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பும் சோதனையும் மூடுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மனமில்லை என்றால் ஜாலியைத் தொடாதீர்கள். புது ஷவர் சுவரிலிருந்து பழைய மூலை வரை ஐந்தடிக்கு முக்கால் இன்ச் வாட்டம் கொடுத்து, கண்ணாடியின் அடியில் அரை இன்ச் இடைவெளி விட்டால் தண்ணீர் தானாகப் போய்விடும். டைல்ஸ் போடும் நாளில் ரசமட்டத்தோடு பக்கத்தில் நில்லுங்கள், ஒட்டி முடிந்தபின் வாட்டத்தைத் திருத்த முடியாது.