மடக்குக் கத்தியும் என் ஆள்காட்டி விரலும்

கேள்வி: தென்னந்தோப்பில் கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உரச்சாக்கு கிழிக்க தினமும் ஒரு மடக்குக் கத்தி வேண்டும். ஆன்லைனில் நூறு விதம் காட்டுகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: முதலில் லாக் (விரித்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு), அப்புறம் இரும்பு. படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு பொருட்காட்சியில். ஒரே கைப்பிடியில் பன்னிரண்டு கருவிகள், கறுப்புப் பூச்சு, 350 ரூபாய். மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியைக் குத்திக் கிழிக்கும்போது அலகு சட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. நான்கு தையல். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணத்தில் நல்ல கத்தியே வாங்கியிருக்கலாம்.

கத்தி கைக்கு வந்ததும் விரித்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு விரல்களை வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்துங்கள். லாக் நழுவினால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் வேலைக்கு பிரான்ஸின் ஒப்பினெல் 8-ஆம் எண் போதும். 8.5 செ.மீ. அலகு. கழுத்திலிருக்கும் வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். துருப்பிடிக்கும் கார்பன் உருக்கு, துருப்பிடிக்காதது என இரண்டு வகை உண்டு. வியர்வையோடும் ஈரத்தோடும் புழங்குகிற உங்களுக்கு இரண்டாவதுதான். ஒரு குறை: கைப்பிடி மரம். தண்ணீரில் ஊறினால் உப்பி, அலகு திறக்க மறுக்கும்.

சரி, இனி என் பழைய புலம்பல். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் போட்டு விற்கிறார்களே, அது என்ன தகவல்? வீட்டில் சாம்பார் கரண்டியும் ஸ்டெயின்லெஸ்தான்! எந்த ரகம் என்று கேளுங்கள். 420ஜே2 என்றால் எளிதில் துரு ஏறாது, ஆனால் மெத்து. நாலு கயிறு அறுத்ததும் மழுங்கிவிடும். 8சிஆர்13எம்ஓவி, 12சி27 என்று எழுதியிருந்தால் கொடுக்கிற காசுக்கு ஏற்ற இரும்பு. டி2 கூர்மையை நெடுநாள் காக்கும்; ஆனால் அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதம்தான், துடைக்காமல் போட்டால் புள்ளி விழும், சாணைக்கல்லில் தீட்டக் கை வலிக்கும். ரகம் தெரியாது என்கிற வியாபாரியிடம் கத்தி வாங்காதீர்கள்.

கேள்வி: அதே கத்தியால் தேங்காய் உடைக்கலாமா?

பதில்: அருவாள் எதற்கு இருக்கிறது?

கேள்வி: அலகில் அலை அலையாய் வரி ஓடும் ‘டமாஸ்கஸ்’ உருக்குக் கத்தி என்று 2,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். ஒரு முறை சாணை பிடித்ததும் வரிகள் போய்விட்டன. ‘பயன்படுத்திய பொருள், திருப்பி எடுக்க முடியாது’ என்கிறார் விற்றவர். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம், வருத்தமாக இருக்கிறது. தப்பு உங்களுடையதல்ல. அசலிலும் தேய்த்தால் வரி மங்கும். ஆனால் அது அலகின் முதுகிலும் தொடரும், அமிலத்தில் தோய்த்தால் திரும்ப வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் முதுகு மொழுமொழுவென்று இருக்கிறது. மேலே அச்சடித்த கோலம் அது. நம் தென்னிந்திய உருக்கு கடல் கடந்து போய் வாங்கித் தந்த ‘டமாஸ்கஸ்’ என்கிற பெயர், நம் தலையிலேயே மிளகாய் அரைக்கிறது.

விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. பில்லோடு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: உங்கள் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: பெயின்ட் டப்பா மூடியை நெம்பினேன், நுனி முறிந்துவிட்டது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆறு மாதம் முன்பு இதே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள். அப்போது வேறு கத்தி, வேறு டப்பா. தயவுசெய்து ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் கைப்பையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: மறந்துவிடுங்கள். அடுத்த முறை செக்-இன் பெட்டியில் வையுங்கள்.