நெருக்கடி நேரத்தில் துணையிடம் மனம் ஒட்டாமல் போகிறதே, என்ன செய்வது?

அன்பு தீர்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வேலை போகும் பயம், கடன், வீட்டில் நோயாளி என்று ஏதாவது ஒன்று நாள்கணக்கில் அழுத்தும்போது, மனம் தற்காப்புக்காக உணர்ச்சிகளைக் குறைத்துக்கொள்ளும். வலியை மட்டும் தனியாகப் பிரித்து மரத்துப்போகச் செய்ய அதற்குத் தெரியாது. பாசமும் சேர்ந்தே மரத்துப்போகும்.

சண்டைக்கு நடுவில் ஒருவர் வாயடைத்து உட்கார்ந்துவிடுவதும் பெரும்பாலும் திமிர் இல்லை. தம்பதிகளை ஆய்வகத்தில் வைத்துக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறுவதே கடினம் என்கிறார். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டுமாம். அதற்காகப் பேசாமல் எழுந்து போனால் அதுவே அடுத்த சண்டை. "இப்போ என்னால முடியல, ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களே வந்து பேச்சை ஆரம்பியுங்கள். இடையில் பதிலடி வசனம் தயார் செய்துகொண்டிருந்தால் (எல்லோரும் செய்வதுதான்) படபடப்பு இறங்காது.

மற்ற நாட்களில், "உன் மேல கோபம் இல்ல, தலைக்குள்ள ஆயிரம் ஓடுது" என்ற ஒரு வரி போதும். மனம்விட்டுப் பேசுவதெல்லாம் பிறகு.

நெருக்கடி தீர்ந்து வாரக்கணக்கில் ஆகியும், துணையிடம் மட்டுமல்ல, எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.