24 குழியையும் நிரப்பியே ஆகணுமா?

கேள்வி: தூத்துக்குடியில இருந்து எழுதறேன். ஆறு மாசமா வாட்டர்கலர் பழகறேன். 24 ஹாஃப் பேன் (பெயிண்ட் ஊத்தி வைக்கிற குட்டிக் கிண்ணம்) வைக்கிற காலி மெட்டல் பாக்ஸ் வாங்கி, ட்யூப் கலரை நானே பிதுக்கி நிரப்பினேன். காஞ்சதும் வெடிச்சுப் போய், பாக்ஸைத் திறந்தாலே கட்டி கட்டியா வெளிய விழுது. வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் 24 பேனையும் நிரப்பியே அனுப்பறேன்னு சொல்றார். வாங்கலாமா? எந்த 24 கலர் கேக்கலாம்?

பதில்: வாங்காதீங்கம்மா. மத்ததை அப்புறம் பேசுவோம், முதல்ல அவருக்குப் பணம் அனுப்பாம இருங்க.

வெடிச்ச பெயிண்ட் கெட்டுப் போன பெயிண்ட் இல்ல, அதைக் குப்பையில போட்டுடாதீங்க. ட்யூப் பெயிண்ட்ல தண்ணி இருக்கு, தண்ணி போனா சுருங்கத்தான் செய்யும். நீங்க ஒரே மூச்சுல விளிம்பு வரைக்கும் பிதுக்கியிருப்பீங்க, மேல தோல் மாதிரி காஞ்சு உள்ள ஈரமாவே நின்னிருக்கும், அப்புறம் உள்ளயும் காயும்போது நடுவுல பிளந்துக்கும். கண்மாய் வத்தினா மண்ணு பாளம் பாளமா வெடிக்குதே, அதே கதைதான். விழுந்த கட்டியை அந்தந்தப் பேன்லயே போட்டு, அடியில ஒரு சொட்டு தண்ணி விட்டு விரலால அமுக்குங்க, ஒட்டிக்கும். ரொம்பப் பொடியா உதிர்ந்திருந்தா தண்ணியோட கம் அரபிக் (வாட்டர்கலர்ல சேர்க்கற பிசின்) ரெண்டு சொட்டு சேர்த்து பல்குத்தற குச்சியால கூழ் மாதிரி கலக்கி காயவிடுங்க. இனிமே நிரப்பும்போது மூணு தடவையா நிரப்புங்க, ஒவ்வொரு தடவையும் குச்சியால கிளறி காத்துக்குமிழை எடுத்துட்டு ஒரு நாள், ரெண்டு நாள் நிழல்ல வைங்க. சீக்கிரம் காயணும்னு மொட்டை மாடி வெயில்ல வச்சா மறுபடி வெடிக்கும்.

இப்போ அந்த வாட்ஸ்அப் ஆள். ஒரு ஹாஃப் பேன்ல சுமாரா 2 மி.லி. பிடிக்கும். 15 மி.லி. ட்யூப்ல இருந்து ஏழு பேன் தேறும். இவங்க ஒரு பேனை ட்யூப் விலையில கால்வாசிக்கு விக்கறாங்கன்னு வைங்க, ஏழு பேன் வித்தா ஒண்ணே முக்கால் ட்யூப் காசு கைக்கு வந்துடுது. லாபம் பாக்கறதைக் கூட விட்டுடலாம், உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? காஞ்ச நீலத்தைப் பாத்து அது எந்த கம்பெனி நீலம்னு நானே சொல்ல முடியாது. மாணவர் தரத்து பெயிண்ட்டை ஊத்தி பெரிய கம்பெனி பேரை ஸ்டிக்கர் ஒட்டி வித்ததை என்கிட்ட படிக்கிற பொண்ணு ஒருத்தி வாங்கிட்டு வந்து அழுதிருக்கா. கிளாஸ் எடுக்கறவங்களே "இந்தக் கடையில இந்த 36 கலர் செட்டைத்தான் வாங்கணும்"னு சீட்டு எழுதிக் குடுக்கறதும் நடக்குது, அந்தச் சீட்டுல யாருக்கு எவ்வளவு கமிஷன்னு கேட்டுப் பாருங்க, முகம் மாறும்.

ட்யூப்பாவே வாங்குங்க, ட்யூப் மேல பொடி எழுத்துல பிக்மென்ட் கோடு (code), அதாவது உள்ள இருக்கிற நிறப்பொடியோட அடையாள நம்பர், இருக்கான்னு பாருங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, முதல் எழுத்து பி (P), அதாவது பிக்மென்ட், அடுத்த ஒண்ணு ரெண்டு எழுத்து நிறம், அப்புறம் ஒரு நம்பர். பிபி 29 (PB 29)ன்னா அல்ட்ராமெரைன் நீலம், எந்த நாட்டு கம்பெனியா இருந்தாலும் அதான். அந்தக் காலத்துல வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் இதே சரக்குதான். ஒரே ஒரு கோடு இருக்கிற ட்யூப்பா எடுங்க, மூணு நாலு கோடு போட்டிருந்தா அது ஏற்கனவே கலந்தது, நீங்க இன்னொண்ணோட கலந்தா சேறாயிடும். கோடே போடாத ட்யூப்பும் கடையில நிறைய இருக்கு. அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்ல கூட என்ன சேர்த்திருக்குன்னு எழுதறாங்க, பெயிண்ட்டுக்கு மட்டும் அட்டையில "ஆர்ட்டிஸ்ட்"னு பெருசா அச்சடிச்சா போதும், யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்ல. எத்தனை வருஷமா கத்தறது.

எந்த 24ன்னு கேட்டீங்க. ஏழு போதும். மஞ்சளுக்கு பிஒய் 154, யெல்லோ ஓக்கர் பிஒய் 43 இல்ல 42, சிவப்புக்கு பிஆர் 254, ரோஸுக்கு பிவி 19, நீலம் ரெண்டு, பிபி 29, பிபி 15:3, கடைசியா பர்ன்ட் சியன்னா, பிபிஆர் 7. பிபி 15:3யோட அந்த மஞ்சள் சேர்ந்தா நாத்தங்கால் பச்சை வரும், பிபி 29ஓட சேர்ந்தா வேப்பமரத்து மங்கல் பச்சை வரும். அல்ட்ராமெரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தா மழைமேகச் சாம்பல்ல இருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரைக்கும் போகலாம், கறுப்பு ட்யூப்பே வேண்டாம், வெள்ளைக்கு பேப்பர் இருக்கு. அலிசரின் கிரிம்சன்னு கேட்டதும் ஆசையா இருக்கும், பிஆர் 83ன்னு போட்டிருந்தா விட்டுடுங்க, வெளிச்சத்துல வெளுக்கும். ஜன்னலுக்கு எதிர்ல நான் மாட்டியிருந்த செம்பருத்திப் படத்துல இப்போ இலை மட்டும்தான் இருக்கு.

ஒரு விஷயம் மட்டும் விளக்கமா சொல்லணும், நீங்க கடலோரத்துல இருக்கறதால. சில கம்பெனி பெயிண்ட்ல தேன் சேர்ப்பாங்க, லேபிள்லயே இருக்கும். நல்ல பெயிண்ட்தான், பிரஷ் தொட்டதும் கரையும், கலர் பளிச்சுனு இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனா தேன் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடிச்சுக்கும். காத்து காஞ்ச ஊர்ல கெட்டியாகிடற அதே பெயிண்ட் கடலோரத்துல மூணு வாரம் ஆனாலும் பிசுபிசுன்னே நிக்கும், பாக்ஸைச் சாய்ச்சு பைல வச்சா மஞ்சள் வழிஞ்சு நீலத்துக்குள்ள போய் உக்காந்துக்கும், போதாக்குறைக்கு எறும்பு வேற வரும். நான் மேல சொன்ன மூணு தடவை நிரப்பற முறை இதுக்குச் செல்லாது, எத்தனை தடவையா நிரப்பினாலும் காயாது. தேன் பெயிண்ட்தான் வேணும்னா பேன்ல ஊத்தாதீங்க, தேவைப்படும்போது தட்டுல பட்டாணி அளவு பிதுக்கி அன்னிக்கே வரைஞ்சு முடிங்க. ஏற்கனவே ஊத்திட்டீங்கன்னா பாக்ஸைப் படுக்க வச்சே எடுத்துட்டுப் போங்க. பெயிண்ட் மேல தப்பு இல்ல, ஊரு அப்படி.

ஏழு கலர்ங்கறதால ஹாஃப் பேனை எடுத்துட்டு ஃபுல் பேன் வைங்க, உங்க பாக்ஸ்ல 12 ஃபுல் பேன் உக்காரும், பெரிய பிரஷ்ஷும் நுழையும். மஞ்சளை ஒரு ஓரம், நீலத்தை எதிர் ஓரம், நடுவுல சிவப்பும் மண் நிறமும், அப்பதான் மஞ்சள் பச்சையாகாம இருக்கும். கலர் கலக்கற மூடியில கலர் பரவாம முத்து முத்தா நின்னா டூத்பேஸ்ட் தொட்டு லேசா தேச்சுக் கழுவுங்க, இல்லன்னா வெள்ளைப் பீங்கான் தட்டு ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க, நான் இன்னிக்கும் அதுலதான் கலக்கறேன். வரைஞ்சு முடிச்சதும் பாக்ஸை உடனே மூடிடாதீங்க, ராத்திரி பூரா திறந்து கிடக்கட்டும், ஐப்பசி கார்த்திகைல ரெண்டு ராத்திரி கூட ஆகும், ஈரத்தோட மூடினா பூஞ்சை பிடிக்கும். பிடிச்சா மேல் பாகத்தைச் சுரண்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை நல்லா காயவிடுங்க.