கபெல்யாதெஸ்: காகித ஆலையும் நியாண்டர்தால் அடுப்பும் ஒரே நாளில்

கேள்வி: ஜூன் மாதம் பார்சிலோனாவில் ஐந்து நாள் தங்குகிறோம். மகளுக்கு 11 வயது. அப்பாவுக்கு 70, முழங்கால் வலி உண்டு. கார் எடுக்கப் போவதில்லை. ஒரே நாளில் கபெல்யாதெஸ் ஊருக்குப் போய், காகித அருங்காட்சியகம், ஆதிமனிதர் வாழ்ந்த இடம் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பிளாசா எஸ்பான்யா நிலையத்தில் இகுவாலாதா போகும் ஆர்6 ரயிலில் ஏறுங்கள். மன்ரேசா ரயிலும் அங்கிருந்துதான் கிளம்பி, மார்த்தொரெல் தாண்டித்தான் பிரிகிறது. அதனால் ஏறும் முன் போர்டை ஒருமுறை பாருங்கள். பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஊருக்குள் போனதும் நேராக 'லா பாஸா' குளத்துக்குப் போங்கள். நிலத்தடி ஊற்றுநீர் தேங்கும் குளம் அது. அதைப் பார்த்துவிட்டால் மற்ற இரண்டு இடங்களும் தானே புரியும், ஏனென்றால் இந்த ஊரின் இரண்டு கதைகளுக்கும் தாய் தண்ணீர்தான்.

இங்கே பாறையிலிருந்து ஊறும் நீரில் சுண்ணாம்பு அதிகம். அது வழிந்து வழிந்து படிந்ததில்தான் ஊருக்குக் கீழே அனோயா ஆற்றை ஒட்டிய பாறைச்சரிவு உருவானது. அந்தச் சரிவின் அடியில் நியாண்டர்தால் எனப்படும் ஆதிமனிதர்கள் வந்து தங்கினார்கள். அவர்கள் போன பிறகு சுண்ணாம்புநீர் அந்த இடத்தைப் பூசி மூடியது. அடுத்து வந்தவர்கள் அதன் மேலேயே தங்கினார்கள். 1909-இல் அமதோர் ரொமானி என்பவர் கண்டுபிடித்ததால் அந்த இடத்துக்கு 'அப்ரிக் ரொமானி' (ரொமானி பாறை ஒதுங்கிடம்) என்று பெயர். ஏறத்தாழ 40,000 முதல் 70,000 ஆண்டு பழமையான படிவுகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. தீ மூட்டிய அடுப்புகள், குதிரை, மான் எலும்புகள், கல் கருவிகள் எல்லாம் கிடைத்தன. எனக்கு மிகவும் பிடித்தது மரக்கட்டைகளின் தடம். கட்டை மக்கிப் போய்விட்டது. ஆனால் சுற்றி உறைந்த சுண்ணாம்பில் அதன் வடிவம் அப்படியே பள்ளமாக நிற்கிறது. இதை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

அதே தண்ணீர்தான் பிறகு ஆலைச் சக்கரங்களைச் சுற்றியது. அருங்காட்சியகம் குளத்துக்குப் பக்கத்திலேயே, 18-ஆம் நூற்றாண்டு ஆலைக் கட்டடத்தில் இருக்கிறது. கந்தல் துணியை இடித்துக் கூழாக்கும் இயந்திரங்கள் கீழ்த்தளத்தில். காகிதம் காயப்போட்ட பகுதி மேல்தளத்தில். காற்றை வேண்டிய அளவு விடுவதற்காக வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் தங்கள் கையாலேயே ஒரு தாள் செய்து பார்க்கலாம். கம்பிவலைச் சட்டத்தைக் கூழில் முக்கித் தூக்கி மெல்ல ஆட்டினால், நீர் சொட்டச் சொட்ட நார் பின்னிக்கொண்டு தாளாகிறது. காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்தால் கம்பிக்கோடு தெரியும். மகளுக்கு ஒரு முறையோடு ஆசை தீராது, நேரம் கொடுங்கள்.

அப்பா விஷயம்: ஆலையில் பல தளங்கள், பாறைச்சரிவுப் பக்கம் ஏற்ற இறக்கம். எத்தனை படி, எவ்வளவு நடை என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சிரமம் என்றால் ஆலையை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு அவர் குளக்கரையில் உட்காரட்டும். ஒருவர் மகளோடு கீழே போய் வரலாம்.

முதலில் அப்ரிக் ரொமானி வழிகாட்டிச் சுற்றுலாவின் நேரத்தை உறுதி செய்யுங்கள்; அதை ஒட்டி ஆலையை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் போவது என்பதையும் அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். விளக்கம் கத்தலான் (அந்தப் பகுதி மொழி) அல்லது ஸ்பானிஷில் இருக்கும், ஆங்கிலம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மதியம் கடைகள் மூடிவிடும், தண்ணீர் பாட்டிலைக் காலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில்தான் அகழாய்வு நடக்கும். ஜூனில் ஆட்கள் தோண்டுவதைப் பார்க்க முடியாது. ஆனால் வெயில் அவ்வளவு இருக்காது, அப்பாவுக்கு அதுதான் நல்லது.