குழல் கேட்கும் குண்டு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஒன்ராறியோ வந்து இரண்டாவது குளிர்காலத்திலேயே வேட்டைப் பயிற்சியை முடித்து, துவக்கு (துப்பாக்கி) உரிமமும் எடுத்து, வாய்ப்பக்கம் வெடிமருந்து போடும் அரை அங்குலக் குழல் துவக்கு ஒன்றும் வாங்கிவிட்டீர்கள். கடையில் ஒரு சுவர் முழுக்கக் குண்டுப் பெட்டிகளைக் கண்டு, மானுக்கு எதை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல காரியம். நான் அன்று மூன்று பெட்டியோடு திரும்பினேன். மூன்றும் இன்னும் நிலவறையில் கிடக்கின்றன.

வன்னியில் பிறந்தவருக்கு இந்தத் துவக்கு புதிதல்ல. எங்கள் பெரியப்பாவிடம் ஓர் இடியன் இருந்தது. மருந்தைக் கொட்டி, தென்னந்தும்பை அடைத்து, கம்பியால் இடித்து, கையில் அகப்பட்ட ஈயத் துண்டுகளைப் போட்டு, மறுபடி தும்பு, மறுபடி இடி. கம்பி துள்ளி எழுந்து உள்ளங்கையில் தட்டினால்தான் "இறுகிவிட்டது" என்பார். அந்த நினைவை இங்கே கொண்டுவராதீர்கள். அது உள்ளே வழுவழுப்பான குழல். எதைப் போட்டாலும் துப்பும். உங்களுடையதில் திருகுசால், அதாவது உட்சுவரில் திருகாக வெட்டிய பள்ளம், ஓடுகிறது. அந்தத் திருகுதான் எந்தக் குண்டு என்று முடிவு செய்யும், நீங்களோ கடைக்காரரோ அல்ல.

குழலின் பக்கத்தில் 1:28, 1:48, 1:66 என்று ஏதோவோர் எண் பொறித்திருக்கும். 1:28 என்றால் 28 அங்குலம் ஓடுவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சி போதும்; 1:66 அதற்கென்றே உள்ளது. நீண்ட குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். இல்லாவிட்டால் பறக்கும்போதே தடுமாறிப் புரளும். 1:48 இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமாதானம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் ஆண்டு பழைய துவக்கு ஒன்றை மலிவாக வாங்கினேன், 1:66. பெட்டியில் கொம்புக் கடாவின் படம் அழகாக இருந்ததால் நீண்ட ஈயக் குண்டுகளை எடுத்தேன். 50 மீற்றரில் வைத்த கடதாசியில் விழுந்த ஓட்டைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல நீண்டிருந்தன. குண்டு பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் குழலில் இருந்த எண்ணைக் காட்டிச் சிரித்துவிட்டு, தன் பையிலிருந்து நாலு உருண்டைக் குண்டு தந்தார். அடுத்த மூன்று ஓட்டைகளையும் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

உருண்டைக் குண்டு அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலம் இருக்கும். மிச்ச இடைவெளியை மசகு பூசிய பருத்தித் துணி நிரப்பித் திருகைப் பிடிக்கும். பழைய வேட்டியைக் கிழித்துப் பார்த்தவன் நான், மெல்லியது, எரிந்துபோனது. நெருக்கமாக நெய்த தடித்த பருத்தி வேண்டும். செயற்கை நூல் கலந்தது உருகிக் குழலில் ஒட்டும். சுட்ட பிறகு முன்னால் நடந்து போய்க் கீழே கிடக்கும் துணியைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கருவட்டம் மட்டும் இருந்தால் சரி. ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மசகு போதவில்லை. ஆனால் உருண்டை சீக்கிரம் வேகம் இழக்கும். 60 மீற்றருக்கு அப்பால் மான் நின்றால் விட்டுவிடுவேன்.

உங்களுடையது புதிய இன்லைன் வகை (மருந்தைப் பற்றவைக்கும் பொறி குழலுக்கு நேர் பின்னால் இருப்பது) என்கிறீர்கள், அநேகமாக 1:28 ஆக இருக்கும். அப்படியானால் சேபோ எடுங்கள்: பிளாஸ்ரிக் கிண்ணியில் உட்கார்ந்திருக்கும், குழலைவிடச் சிறிய குண்டு. என் தெரிவு 0.452 அங்குலம், 250 கிறெயின் (குண்டுக்கும் மருந்துக்கும் உள்ள சின்ன அளவு), மூக்கில் குழி உள்ள கைத்துவக்குக் குண்டு. மருந்து 90 முதல் 100 கிறெயின், நிறுத்து அல்ல, அளவுக்குழாயால் அளந்து. சில துவக்குகளில் 150 வரை போடலாம் என்று எழுதியிருக்கும். போடலாம், தோளும் வலிக்கும், கடதாசியில் ஓட்டைகளும் விலகிப் போகும். பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தென் ஒன்ராறியோவில் பல இடங்களில் தோட்டா போடும் ரைபிளுக்கு அனுமதி இல்லாததால்தான் சொட்கன்னும் (சன்னத் துவக்கு) நம் துவக்கும். அந்தச் சிறுகாடுகளில் எனக்கு 70 மீற்றருக்கு மேல் மான் தெரிந்ததே அரிது.

அதிக மருந்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. ஓர் ஆண்டு மேலே மெல்லிய செப்பு முலாம் பூசிய மென் ஈயக் குண்டுக்குப் பின்னால் 150 கிறெயின் போட்டேன். கிட்டத்தில் நின்ற மானின் தோளெலும்பில் பட்டதும் அது சப்பளிந்து சிதறிவிட்டது. மறுபக்கம் வெளியேறவில்லை, பனியில் இரத்தத் தடமும் இல்லை. இருட்டும்வரை தேடிக் கண்டெடுத்தோம். ஒரு முன்தொடை முழுதும் எறிய வேண்டியதாயிற்று. குண்டு இரண்டு பக்கமும் துளைத்தால்தான் தடம் கிடைக்கும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், வேட்டைக்காரர்கள் உணவு வங்கிகளுக்குக் கொடுத்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத் துகள் கண்டு, அதை எறியும்படி சுகாதாரத் துறை சொன்னது. நம் மந்தக் குண்டுகள் வேகமான ரைபிள் குண்டுகள் அளவுக்குச் சிதறுவதில்லை. ஆனாலும் என் மகள் பிறந்த பிறகு முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். விலை கூட. ஈயமே எடுத்தாலும் காயத்தைச் சுற்றி ஒரு சாண் இறைச்சியை வெட்டி எறியுங்கள், கறிக்கு ஆசைப்படாதீர்கள்.

இனி நிரப்பும் விதம். இடிக்கவே கூடாது. மூக்கு நசுங்கிய குண்டு நேராகப் போகாது. குண்டைத் தள்ளும் கோலை ஒரே சீராக அழுத்தி, மருந்தின் மேல் குண்டு உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். அப்போது குழல்வாய் மட்டத்தில் கோலில் கத்தியால் ஒரு கோடு கீறி வையுங்கள். அடுத்த முறை கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் குண்டு முழுதாக இறங்கவில்லை. இடையில் வெளி விட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடையுங்கள். சூடேறிய குழலில் சேபோ இளகிக் குறி தவறும், ஆறவிடுங்கள். டிசம்பர்க் குளிரில் அதே பிளாஸ்ரிக் விறைத்து இறங்க மறுக்கும். கோடையில் பழகியது போதாது, நவம்பரிலும் ஒரு நாள் போய்ச் சுட்டுப் பாருங்கள். கரிமருந்து அல்லது அதற்கு மாற்றாக விற்பது மட்டும் போடுங்கள். தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூட வேண்டாம்.

சுட்டதும் வெண்புகை எழுந்து மானை மறைத்துவிடும். உடனே குனிந்து புகைக்குக் கீழால் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். பிறகு அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பின்னாலேயே ஓடினால் படுக்கப் போன மானும் எழுந்து அடுத்தவர் காணிக்குள் போய்விடும்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். துவக்கை எடுத்து, உள்ளே மருந்து இல்லை என்று கோலை விட்டு உறுதி செய்துகொண்டு, குழலில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதுங்கள். 1:28 என்றால் என்னிடம் இருக்கும் சேபோவில் பத்து அனுப்புகிறேன். 1:48 என்றால் நிலவறையில் கிடக்கும் மூன்று பெட்டிக்கும் ஒருவேளை வேலை வரும்.