பட்டப்பெயர் எப்போது வசவாகிறது?

"ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயரை 'பாமி' என்கிறார்கள், நியூசிலாந்துக்காரரை 'கிவி' என்கிறார்கள். குடியேறியவர்கள் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்களா, உள்ளுக்குள் புண்படுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலிய மருத்துவமனை ஒன்றில் பல நாட்டுக்காரர்களோடு வேலை பார்ப்பவன் நான். இரண்டும் உண்டு. சில சமயம் ஒரே ஆளுக்கு, ஒரே நாளில்.

'கிவி'யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. இன்று அவர்களுடைய ரக்பி லீக் தேசிய அணிக்கே அதுதான் பெயர். தாங்களே சொல்லிக்கொள்வதை அடுத்தவர் சொன்னால் கோபம் வராது.

'பாமி' அவ்வளவு எளிதல்ல. எங்கள் வார்டில் ஆங்கிலேய நர்ஸ் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் கிரிக்கெட் தொடர் நடக்கும்போது அவர் உள்ளே நுழைந்ததுமே, "என்ன பாமி, நேத்து ஸ்கோர் பாத்தீங்களா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவர் லேசில் விடமாட்டார். "இல்ல, உங்க கொள்ளுத்தாத்தாவை என்ன திருட்டுக்காகக் கப்பல் ஏத்தினோம்னு தேடிட்டிருந்தேன்" என்பார். ஒருகாலத்தில் பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய இடம்தானே ஆஸ்திரேலியா. வார்டே சிரிக்கும். அதே நர்ஸ் ஒரு மீட்டிங்கில், தனக்கே ஏன் தொடர்ந்து நைட் டூட்டி விழுகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. "ஆரம்பிச்சாச்சு, புலம்பும் பாமி" என்றார் எதிரே இருந்தவர். காலையில் சிரித்த அதே கூட்டம்தான் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவர் கையிலிருந்த ரோஸ்டர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். மீட்டிங் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

காலையில் சொன்னபோது பதில் சொல்ல இடம் இருந்தது. மீட்டிங்கில் அந்த இடத்தை அடைப்பதற்காகவே அது சொல்லப்பட்டது. குடியேறியவர் ஒரு பட்டப்பெயரைத் தாங்கிக்கொள்வாரா மாட்டாரா என்பதை இதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

அந்தப் 'புலம்பும்' என்ற அடைமொழிக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெரியவர்களுக்குத் தலைக்கு 10 பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம் என்று பிரிட்டனிலிருந்து ஆட்களை வரவழைத்தது ஆஸ்திரேலிய அரசு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். வந்தவர்களில் பலரைப் பழைய ராணுவக் கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் திரும்ப நினைத்தால் அவர்கள் வந்த முழுக் கப்பல் கட்டணத்தையும் திருப்பிக் கட்டியாக வேண்டும். தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டு, போகவும் வழியில்லாமல் குறை சொன்னவர்களுக்குக் கிடைத்த பெயர்தான் அது. வெள்ளைக்காரர்கள், அதே மொழி பேசுகிறவர்கள், அவர்களுக்கே இந்தக் கதி.

பிரிட்டனில் 'பாக்கி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பார்த்தால் 'ஆஸி' மாதிரி, பாகிஸ்தான் என்ற நாட்டுப் பெயரின் சுருக்கம்தான். ஆனால் 1960களின் கடைசியிலும் 70களிலும் தெற்காசியர்களைத் தெருவில் அடிக்கக் கூட்டமாக வந்தவர்கள் கத்திக்கொண்டு வந்த சொல் அது. இந்தியரா, வங்கதேசத்தவரா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவர்கள் அடிக்கவில்லை. அந்த அடியை வாங்கியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சொல்பவர் மனதில் விஷமே இல்லாவிட்டாலும் கேட்பவருக்கு அந்தத் தெரு நினைவு வரும்.

கராச்சியில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்த கிரிக்கெட் வீரர் அசீம் ரஃபீக், யார்க்‌ஷயர் அணியில் சக வீரர் ஒருவர் வாயால் இந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்ததாகப் புகார் செய்தார். அதை ஆராய்ந்த குழு 2021இல் சொன்ன முடிவு, அது நட்பான, நல்லெண்ணக் கிண்டல் என்பது. ரஃபீக்கும் ஜிம்பாப்வேயில் பிறந்த அந்தச் சக வீரரை அந்த நாட்டை வைத்துப் பட்டப்பெயர் சொன்னாரே என்று கணக்குப் பார்த்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் ஆறவில்லை. ரஃபீக் சொன்னதும் தவறாகவே இருக்கட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, நேர் செய்துவிட்டோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன் அவர் குரல் உடைந்து பேசியதைப் பார்த்தவர்கள் அதைக் கிண்டல் என்று சொல்லமாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சொல் ஒன்று உண்டு: மலேசியாவில் 'கெலிங்'. ஒருகாலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறித்த சாதாரணப் பெயர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே சொல்லை இன்று ஒரு தமிழர் முகத்துக்கு நேரே சொன்னால் அது வசவு, கைகலப்பு வரைகூடப் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "அவனே சிரிக்கிறானே, உனக்கென்ன?" என்பார்கள். வேலை கொடுத்தவரின் ஸ்பான்சரில் விசா வாங்கி வந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? சூபர்வைசர் முகம் சுளித்தால் வேலை மட்டுமா போகும், விசாவும் ஆட்டம் காணும். புதிதாக வந்தவர்கள் சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அதனால் புதிதாக வருபவர்களிடம், முதல் தடவையே குரலை உயர்த்தாமல் "என் பேர் இது, இப்படியே கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் "சாரி" சொல்லி மாற்றிக்கொள்வார்கள். அவர்களோடு பிறகு கிண்டலும் தானாக வரும். மாற்றிக்கொள்ளாதவர் யார் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். விசா பயத்தில் சொல்ல முடியாதவர்களுக்காகப் பக்கத்தில் இருக்கும் பழைய ஆள் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் இப்போது அந்த ஆங்கிலேய நர்ஸ்தான் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்கிறார்.