புரண்டு படுத்தால் சுற்றும் அறை: கழுத்தா, காதா?

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு மாதமாக, படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. பரணில் பாத்திரம் எடுக்க அண்ணாந்தாலும் அப்படித்தான். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். காது நன்றாகக் கேட்கிறது. எக்ஸ்ரே எடுத்து, கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் போடச் சொன்னார்கள். தலைசுற்றலுக்கான சின்னரிசின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். வீட்டில் பித்தம் என்கிறார்கள். மூளை ஸ்கேன் எடுக்கட்டுமா?

பதில்: அம்மா, நோயைக் கண்டுபிடிக்கத் தேவையானதில் பாதியை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. எந்த அசைவில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீங்கள் எழுதிய இரண்டும் எந்த ஸ்கேனையும்விடப் பெரிய தடயம்.

கோளாறு பெரும்பாலும் கழுத்தில் இல்லை, காதில்தான்; மருத்துவர்கள் இதை பிபிபிவி (BPPV) என்பார்கள். நம் உட்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் ஒரு பசைப்படலத்தில் ஒட்டியிருக்கும். வயதாலோ தலையில் அடிபட்டோ சில துகள்கள் உதிர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலை அசையும்போது அவை உருண்டு, குழாயில் உள்ள திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் 'சுற்றுகிறாய்' என்று மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். துகள் அடியில் தங்கியதும் சுற்றல் நிற்கும். உங்களுடைய அரை நிமிடக் கணக்கு இதுதான். பெரும்பாலும் வலது காதாக இருக்க வேண்டும்.

உறுதி செய்ய ஒரு கட்டில் போதும். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. உட்கார வைத்து, தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்க வைப்போம். கண்ணை மூடாமல் இருக்கச் சொல்வோம். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழி மேல்நோக்கிச் சுழன்று சுழன்று துடிக்கும். நோயாளி கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வார். துடிப்பு மெல்லக் குறைந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஸ்கேன் வேண்டியதில்லை.

வைத்தியமும் அதே கட்டிலில்தான். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்தி, துகள்களைக் குழாயிலிருந்து வெளியே உருட்டிவிடுவோம். பெரும்பாலானோருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிறது. கழுத்து வலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்; அதற்கேற்ப மாற்றிச் செய்யலாம்.

கழுத்து எக்ஸ்ரே பற்றி மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். உங்கள் வயதில் பெரும்பாலானோருக்குத் தேய்மானம் தெரியும், தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும்தான். சின்னரிசின் இந்தத் துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் நடைத்தளர்ச்சியும் வரலாம். நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருவதற்கு அதுவே காரணம். நம்மூரில் இதையும் 'மயக்கம்' என்கிறோம், சுற்றலையும் 'மயக்கம்' என்கிறோம். மருத்துவரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

மணிக்கணக்கில் சுற்றி, கூடவே காது அடைத்து இரைச்சலும் இருந்தால் மெனியர் என்ற உட்காது நோயா என்று கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அதனாலேயே சுற்றல் வருவதும் உண்டு.

இதெல்லாம் காத்திருக்கலாம். திடீர்ச் சுற்றலோடு பேச்சு குழறினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், முகமோ கைகாலோ ஒரு பக்கம் செயலிழந்தால், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாவிட்டால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும்வரை பரணில் ஏற வேண்டாம். காலையில் எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த பிறகு இறங்குங்கள். சரியான பிறகும் இது திரும்ப வரலாம். வந்தால் அதே முறையை மறுபடி செய்துகொள்ளலாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். திரும்ப வருவது குறையும்.